கத்துகிறவன் பக்கம்

என் தாதாவை நான் என் வீட்டுக்குக் கூட்டி வந்தது பாசத்தால் இல்லை. ஊரில் பலர் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் அப்பாவை எங்கள் வீடுகளில் தாதா என்போம். அவர் பெயர் தஸ்தகீர் ஷெரீஃப். பாலக்கோட்டில் மெயின் ரோட்டின் மேல் அவருக்கு ஒரு டயர் கடை, கடைக்குப் பின்னால் வீடு. என் அப்பா ரஹீம் ஷெரீஃப் அந்தக் கடையில்தான் இறந்துபோனார். லாரி டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தபோது சக்கரத்தில் டயரைப் பிடித்து நிறுத்துகிற இரும்பு லாக் ரிங் தெறித்து நெஞ்சில் அடித்தது. எனக்கு அப்போது பத்து வயது.

கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்க வேண்டிய இத்தாவை அம்மா நான்கு மாதம் பத்து நாள் இருந்தாள். இத்தா முடிந்த மறுநாள் காலையில் அப்பாவின் தம்பி முனவர் சாச்சா வாசலில் ஓர் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். தகப்பன் இருக்கும்போதே ஒரு மகன் போய்விட்டால், இன்னொரு மகன் இருக்கிற வீட்டில் பேரனுக்குப் பங்கு கிடையாது, இது நான் வைத்த சட்டமில்லை, ஷரியத் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். யாரையும் அடித்து விரட்டவில்லையாம். அம்மாவின் அண்ணன் நல்லம்பள்ளியில் இருக்கிறாராம், அங்கே போய் இருக்கட்டுமாம்.

தாதா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவர் முன்னால் போய் நின்று ஸலாம் சொன்னாள். என் பிடரியில் கை வைத்துக் குனிய வைத்து, அவர் கையை முத்தமிடச் செய்தாள். கையைக் கொடுத்தார். தலை நிமிரவில்லை. வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

நல்லம்பள்ளியில் மாமா வீட்டில் ஆறு மாதம் இருந்தோம். பிறகு தனியாக ஓர் ஓட்டு வீடு. அம்மா புளி தட்டப் போனாள். ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, நார் உரித்து, நாள் முழுக்கப் புளியோடு கிடந்தால் விரல் நுனியெல்லாம் வெடித்துவிடும். ரசம் ஊற்றிச் சோறு பிசையும்போது அவள் முகம் சுருங்குவதைப் பார்த்தே நான் வளர்ந்தேன். அப்படியும் ஒவ்வொரு பெருநாளுக்கும் என்னைக் குளிக்க வைத்து, அத்தர் தடவி, பாலக்கோட்டு பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். நான் முரண்டு பிடித்தால் ஒரே பேச்சுதான்.

"அவரு உங்கப்பாவைப் பெத்தவரு. உங்கப்பா உசுரோட இருந்தா என்ன மரியாதை குடுப்பாரோ, அதை நீ குடுக்கணும். அவரு செஞ்சதுக்கு அவரு அல்லாகிட்ட பதில் சொல்லிக்குவாரு."

நான் போவேன். தாதாவுக்கு ஸலாம் சொல்வேன். சாச்சி ஒரு டம்ளரில் பெருநாள் பாயசமான ஷீர் குருமா கொண்டுவந்து கடைப்பக்கமே நீட்டுவாள். டயர்களுக்கு நடுவில் நின்று குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மா மவுத்தானாள். ஆள் அனுப்பிச் சொன்னேன், போனிலும் சொன்னேன். தாதா வரவில்லை. சாச்சா மட்டும் வந்தார். அடக்கம் நடக்கும்போது ஓரமாக நின்று போனில் யாரிடமோ டயர் விலை பேசிக்கொண்டிருந்தார். தாதாவுக்கு முழங்கால் வலியாம். மூன்று கைப்பிடி மண் போடும்போது எல்லோரும் துவா ஓதுவார்கள். நான் ஓதியது வேறு. இந்த முனவர் ஷெரீஃபும் அவர் குடும்பமும் ஒரு நாள் சாமான்களோடு நடுத்தெருவில் நிற்பதை நான் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

அப்போது எனக்குத் தொழில் ஓரளவு நிலைத்திருந்தது. தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த லாரிகளைத் தூக்குகிற கிரேன் வண்டி ஒன்று, நானும் மாதேஷும் கூட்டாக வைத்திருக்கிறோம். மாதேஷ் ஏழாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். நான் என்ன செய்தாலும் காரணம் கேட்காமல் கூட நிற்கிறவன்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, வண்டிக்கு ஒரு பாகம் வாங்க மாதேஷோடு பாலக்கோடு போனவன் ஜும்மாவுக்கு அங்கேயே பள்ளிவாசலுக்குள் நுழைந்தேன். தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளூ செய்கிற ஹவுஸ் தொட்டி ஓரத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். ஜிப்பாவில் மூத்திர வாடை. நகம் வளர்ந்து வளைந்திருந்தது. பாங்கு சொல்கிற மோதினார் அவருக்குப் பன்னை டீயில் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தாதாதான் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மோதினாரே எல்லாம் சொன்னார். வீட்டையும் கடையையும் சாச்சா பேருக்கு செட்டில்மெண்ட் எழுதி ரிஜிஸ்டர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு தாதாவின் கட்டில் பழைய டயர் போட்டு வைக்கிற கொட்டகைக்குப் போய்விட்டது. ஒரு வேளை சோறு வரும், ஒரு வேளை வராது.

எனக்கு வந்தது இரக்கம் இல்லை. அம்மாவின் கப்ரு ஓரத்தில் கேட்டதற்கு வழி கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது.

தொழுகை முடிந்து ஜமாத் மொத்தமும் வெளியே வருகிற நேரம் பார்த்து கிரேன் வண்டியைப் பள்ளிவாசல் வாசலில் நிறுத்தச் சொன்னேன். மாதேஷ் மேலே இருந்து இழுக்க, நான் கீழே இருந்து தாங்க, தாதாவை அந்த உயரமான கேபினில் ஏற்றினோம். எங்கே என்று அவர் கேட்கவில்லை. தக்காளி மண்டி வழியாகச் சுற்றி, சாச்சா கடை முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டினேன். சாச்சா கடையை விட்டு வெளியே வந்து பார்த்தார். நான் கையைத் தூக்கி ஸலாம் சொன்னேன்.

நல்லம்பள்ளியில் என் வீட்டில் தாதாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நானே குளிப்பாட்டினேன், நகம் வெட்டினேன், புண்ணுக்கு மருந்து போட்டேன். சக்கர நாற்காலி வாங்கி, ஐந்து வேளைக்கும் பள்ளிவாசலில் முன் வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எங்கள் பள்ளிவாசலில் தொழ வைக்கிற ஹஜ்ரத் ஒரு ஜும்மா பயானில் என்னையே எடுத்துக்காட்டாகச் சொன்னார். தாய் தகப்பன் முன்னால் சலிப்பாக ஒரு 'ச்சீ' கூடச் சொல்லக்கூடாது என்பது தாதா, தாதி, நானா, நானி எல்லோருக்கும் சேர்த்துத்தான், அதை நடத்திக் காட்டுகிற பேரன் நம் ஊரில் இருக்கிறார் என்றார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். இந்தப் பயான் எத்தனை மணிக்குப் பாலக்கோடு போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் மனைவி சமீனாவை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. வீட்டுக்குள் வந்துவிட்டால் நான் தாதாவோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பதை அவள்தான் கவனித்தாள். சோறு வைப்பேன், துடைப்பேன், படுக்க வைப்பேன். எல்லாம் வாய் திறக்காமல்.

"இது பெரியவங்களுக்குச் செய்யற கித்மத் இல்லைங்க," என்றாள் ஒரு நாள். "நீங்க அவரைக் கழுவித் துடைச்சு ஆயுதம் மாதிரி வெச்சிருக்கீங்க."



தர்மபுரியில் சுகுணா என்று ஒரு வக்கீலம்மா. விபத்து கேஸ்களில் பழக்கம். அவரிடம் செட்டில்மெண்ட் பத்திரத்தின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆயுள் வரைக்கும் தகப்பனை வைத்துப் பராமரிக்க வேண்டும் என்று அதிலேயே ஒரு வரி இருந்தது. பராமரிக்கவில்லை என்றால் ஆர்.டி.ஓ.விடம் மனுப் போட்டுப் பத்திரத்தையே ரத்து செய்யலாம், மூத்த குடிமக்களுக்கென்று சட்டமே இருக்கிறது என்றார். மனு எழுதி வாங்கி வந்து தாதா முன்னால் நீட்டினேன். படித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அங்க முனவர் வருவானா?"

வருவார் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

நோட்டீஸ் போனதும் சாச்சா பாலக்கோட்டுப் பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லியைக் கூட்டிக்கொண்டு எங்கள் பள்ளிவாசலுக்கு வந்தார். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். மூத்த மகளுக்கு நோன்பு முடிந்து வருகிற ஷவ்வாலில் நிக்காஹ் வைத்திருப்பதாகவும், கோர்ட்டு கச்சேரி என்றால் மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றும் சொன்னார். பிறகு பழைய பாட்டுக்கு வந்தார். இனாயத்துக்கு, அதாவது எனக்கு, அந்தச் சொத்தில் ஷரியத்படி ஒன்றும் இல்லை, அந்த ஆத்திரத்தில் கிழவரைத் தூண்டிவிடுகிறான் என்று சத்தம் போட்டார்.

ஹஜ்ரத் அவரைக் கை காட்டி நிறுத்தினார். பங்கு இல்லை என்பது சரி, ஆனால் பங்கு இல்லாத எத்தீம், தகப்பனில்லாத பேரனுக்கு மூன்றில் ஒரு பாகம் வரை தாதா வஸிய்யத்தாக உயில் எழுதி வைக்கலாமே, ஷரியத் அந்தக் கதவைத் திறந்துதானே வைத்திருக்கிறது என்றார். இருபத்தைந்து வருடமாக இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் தாதாவைப் பார்த்தேன். அவர் மணி உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அது அப்போதே தெரியும் என்று எனக்குப் புரிந்தது.

நான் எழுந்து நின்று, நிதானமாக, இரண்டு ஊரும் கேட்கும்படி சொன்னேன்.

"எனக்குச் சொத்து வேணாங்க. தாதா தகப்பன் ஸ்தானம். அவரு வார்த்தைதான் எனக்கு வார்த்தை. அதை மீறுறவன் பள்ளிவாசல் வாசப்படி மிதிக்க லாயக்கில்லாதவன்."

சாச்சா பக்கம் பார்த்துத்தான் சொன்னேன். கூட்டத்தில் தலைகள் ஆடின. சாச்சா எழுந்து போய்விட்டார்.

விசாரணை மூன்று தேதி நடந்தது. கடைசித் தேதியில் ஆர்.டி.ஓ. அம்மா தாதாவின் பக்கத்தில் வந்து குனிந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். தாதா சாச்சாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முந்தின நாள் முழுக்க நான் சொல்லிக் கொடுத்து வைத்திருந்ததை, அந்தச் சொல் மாறாமல் சொன்னார்: எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக் கொடுங்கள். பத்திரம் ரத்தாகி உத்தரவு வந்தது. முப்பது நாளில் வீட்டையும் கடையையும் தாதாவிடம் ஒப்படைக்க வேண்டும்.

அந்த முப்பது நாளும் எனக்குப் பெருநாள்தான். முப்பதாம் நாள் காலையில் பாலக்கோடு ஸ்டாண்டில் ஓர் ஆட்டோ பேசி முன்னால் போகச் சொன்னேன். பின்னால் மாதேஷ் கிரேனை ஓட்டி வர, தாதாவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு நான் போனேன். வீட்டு வாசலில் எல்லாம் நான் நினைத்தபடியே இருந்தது. பீரோ, கட்டில், மிக்சி, பாத்திர மூட்டைகள். சாச்சி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இரண்டு பெண்களும் அவளை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மூத்தவள் தபஸ்சும், நிக்காஹ் நிச்சயமானவள், என்னை நேராகப் பார்த்தாள். அவள் பார்வையை நான் தாங்கிக்கொண்டேன். பத்து வயதில் நானும் இதே வாசலில் நின்றவன்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அண்டை வீட்டுக்காரர்கள் மாடியில் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

தாதாவை நாற்காலியில் இறக்கி வாசலில் வைத்தோம். அவர் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இனாயத். சாமானை உள்ள எடுத்து வெக்கச் சொல்லு. இவங்க இங்கியே இருக்கட்டும். நானும் இங்கியே இருக்கறேன்."

தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். அவர் திரும்பவும் அதையே சொன்னார். பீரோவில் சாய்ந்து நின்றிருந்த சாச்சாவின் முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது.

"தாதா சொல்லிட்டாரு," என்றார் சாச்சா. "ஜமாத்துல நீதான சொன்ன, அவரு வார்த்தைதான் உனக்கு வார்த்தைன்னு. கேளு."

அந்த நிமிடம் என் கையில் ஸ்பானர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. மாதேஷ் வந்து என் தோளில் கை வைத்தான். நான் அதைத் தட்டிவிட்டு தாதா முன்னால் போய் நின்றேன். வீட்டுக்குள் எட்டு மாதமாக அவரோடு பேசாத வாய் அன்று திறந்தது.

"இதே வாசல்ல எங்கம்மா நின்னப்ப இந்த வார்த்தை எங்க போச்சு? இவங்க இங்கியே இருக்கட்டும்னு அன்னிக்கு ஏன் நீங்க சொல்லல?"

தஸ்பீஹ் மணி விரலிலேயே நின்றது. பிறகு, யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னார்.

"முனவர் கத்துவான். உங்கம்மா கத்த மாட்டா. அது எனக்குத் தெரியும். கத்துறவன் பக்கமே நின்னுட்டேன். பயம்தான். வேற ஒண்ணுமில்ல."

இருபத்தைந்து வருடமாக இதற்கு எத்தனையோ பதில்களை நானே எழுதி வைத்திருந்தேன். மார்க்கம், குடும்ப கௌரவம், அம்மா மேல் ஏதோ கோபம். கிழவருக்குத் தன் மகனைக் கண்டு பயம் என்பது அதில் இல்லவே இல்லை. எனக்குக் கோபம் தணியவில்லை, கூடியது. இதற்காகவா என் அம்மா விரல் வெடிக்கப் புளி தட்டினாள்?

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. ஆட்டோக்காரரைப் பார்த்து மூட்டையைத் தூக்கி வை என்றேன். ஆர்டர் என்னிடம் இருக்கிறது என்றேன். தாதாவின் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, நீங்கள் பேசாமல் இருங்கள், இருபத்தைந்து வருடம் இருந்தது போலவே இருங்கள் என்றேன்.

அவர் பேசாமல் ஆனார். தலை குனிந்தது. கை மணியைத் தேடியது.

நான் ஜெயித்துவிட்டேன். இன்னும் ஒரு சத்தம் போட்டால் போதும், சரிப்பா, உன் இஷ்டம் என்று சொல்லிவிடுவார். ஆர்.டி.ஓ. ஆபீசில் நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாரே, அதுவும் இதே பயம்தான் என்று அப்போதுதான் உறைத்தது. எட்டு மாதமாக என் வீட்டில் அவருக்கு நான்தான் முனவர். சோறு போட்ட முனவர், குளிப்பாட்டிய முனவர், அவ்வளவுதான் வித்தியாசம். அம்மா என் பிடரியில் வைத்த கை எதற்காக என்று அவள் இருந்தவரை எனக்கு விளங்கவில்லை. அன்றும் முழுக்க விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மேல் நான் கத்தவில்லை.

நீட்டிய விரலை மடக்கிக்கொண்டேன். மாதேஷைக் கூப்பிட்டு பீரோவை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிடித்தான். இரண்டு பேருமாக அதை உள்ளே கொண்டுபோய் வைத்தோம். பிறகு கட்டிலை. ஆட்டோக்காரர் பாத்திர மூட்டைகளை எடுத்துக் கொடுத்தார். சாச்சா உதவிக்குக் கை நீட்டியபோது வேண்டாம் என்றேன்.

எல்லாம் உள்ளே போன பிறகு தாதாவிடம் வந்து தரையில் உட்கார்ந்தேன். குரலை உயர்த்தாமல் சொன்னேன்: நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டேன், இருக்கட்டும். ஆனால் வீடும் கடையும் உங்கள் பேரில்தான் இருக்க வேண்டும், இனி யாருக்கும் எழுதித் தரக்கூடாது. ஹஜ்ரத் சொன்ன அந்த மூன்றில் ஒரு பாகத்துக்கு வஸிய்யத் எழுத வேண்டும். எனக்குச் சொத்து வேண்டாம் என்று ஜமாத்தில் சொன்னது பொய். வேண்டும். இதை நான் மிரட்டிக் கேட்கவில்லை, மனசில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தை அவர் நேராகப் பார்த்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"எழுதறேன்," என்றார். "உன் பேருக்கா, உங்கம்மா பேரையும் போட்டா?"

பியாரி ஜான் மகன் இனாயத்துல்லா என்று எழுதச் சொன்னேன். மறு வாரம் சுகுணா மேடமே வந்து எழுதினார். ஹஜ்ரத் ஒரு சாட்சி. இன்னொரு சாட்சியாக சாச்சா கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சட்டப்படி தேவையில்லை, வேறு யாரும் போடலாம் என்று வக்கீலம்மா சொன்னார். எனக்குத் தேவைப்பட்டது. போடுவதற்கு முன்னால் சத்தமாக ஒரு தரம் படித்துக் காட்டச் சொன்னேன். சாச்சா படித்தார். என் அம்மாவின் பெயர் வந்த இடத்தில் அவர் குரல் தடுக்கியது. நான் அதைக் காது கொடுத்துக் கேட்டேன், எனக்கு இனிப்பாக இருந்தது. சமீனாவிடம் அதை மறைக்கவில்லை.

"அப்ப இன்னும் மனசு ஆறலையா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். தாதா சொன்னதைக் கேட்டுவிட்டேன், மன்னிக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை என்றேன்.

தாதா இப்போது கூடத்துக்குப் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். நான் வாரா வாரம் ஜும்மாவுக்குப் பாலக்கோடு போகிறேன். தொழுகை முடிந்து, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைவேன். தாதாவைத் திருப்பி முதுகைப் பார்ப்பேன். படுக்கை விரிப்பை மோந்து பார்ப்பேன். மாத்திரை அட்டையைப் பார்ப்பேன். நான் பார்த்து முடிக்கிற வரைக்கும் சாச்சாவும் சாச்சியும் கதவருகே நிற்பார்கள். ஒரு புண் இருந்தால் மறுநாளே மறுபடி மனுப் போடுவேன் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தப் பயத்தை நான்தான் அந்த வீட்டில் வைத்திருக்கிறேன். அதை எடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் தாதாவோடு இப்போது பேசுகிறேன். கணவாயில் எந்த லாரி கவிழ்ந்தது, என்ன சரக்கு, எப்படித் தூக்கினோம் என்று கேட்பார். சொல்வேன். லோடு டயரைப் பற்றிச் சில நேரம் அவர் சொல்வது எனக்கே புதிதாக இருக்கும்.

ஷவ்வாலில் தபஸ்சும் நிக்காஹ் நடந்தது. தாதா போகச் சொன்னார், போனேன். சபையில் தாதாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். விருந்தில் கை நனைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சாச்சா கடையிலிருந்து எழுந்து வந்து, முதல் முறையாக, அவராகவே எனக்கு ஸலாம் சொன்னார். ஸலாமுக்குப் பதில் சொல்வது கட்டாயக் கடமை. சொன்னேன். சொல்லிவிட்டு தாதா அறைக்குள் போனேன்.